தரங்கம்பாடியிலிருந்து சின்னங்குடி வரை: மார்கழியில் ஒரு கரைநடை

வெள்ளிக்கிழமை இரவு, பொறையாறு

தரங்கம்பாடிக்கும் பூம்புகாருக்கும் இடையே கடலோரமாகவே போனால் ஏறக்குறைய 13 கிலோமீட்டர்தான். பஸ்ஸில் போகிறவர்கள் உள்ளே திருக்கடையூர் வழியாகச் சுற்றிக்கொண்டு போகிறார்கள். அதனால் நடுவில் உள்ள குட்டியாண்டியூர், வெள்ளக்கோயில், பெருமாள்பேட்டை, புதுப்பேட்டை, தாழம்பேட்டை, சின்னங்குடி, வானகிரி போன்ற ஊர்களெல்லாம் வெளியூர்க்காரர்களுக்குப் பெயர்ப்பலகையோடு முடிந்துவிடுகின்றன. அந்தப் பலகைகளைத் தாண்டி உள்ளே போக வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. முழுத் தொலைவும் வேண்டாம், பாதி போதும், சின்னங்குடி வரை நடந்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்று முடிவானது. அந்த முடிவில் அத்தைக்கும் சின்னவனுக்கும் பங்கு கிடையாது. இருவரும் வேறு வேறு காரணங்களுக்காக முணுமுணுத்துக்கொண்டே வந்தார்கள்.

மயிலாடுதுறையில் பஸ் ஏறினோம். ஒரு காலத்தில் இந்த வழியில் ரயிலும் ஓடியது. 1926இல் போட்ட மீட்டர் கேஜ் பாதை 1986இல் மூடப்பட்டது. அத்தை சிறுமியாக இருந்தபோது அந்த ரயிலில் வந்திருக்கிறார். "பஸ்ஸைவிட மெதுவாகப் போகும், ஆனால் கால் நீட்டி உட்காரலாம்" என்றார். கால் நீட்ட முடியாத எங்கள் பஸ்ஸில் அதைக் கேட்க நன்றாகத்தான் இருந்தது.

நாங்கள் வந்து சேர்ந்த நாள் டிசம்பர் 26. தெரிந்தே தேர்ந்தெடுத்த நாள் அல்ல, பள்ளி விடுமுறையும் இவருடைய அலுவலக விடுப்பும் ஒன்றாக வாய்த்தது இன்றுதான். மாலையில் கடற்கரைக்குப் போனபோது படகுகள் எல்லாம் கரையிலேயே இருந்தன. காலையில் கடலில் தூவிய பூக்களில் பாதியை அலை திரும்பக் கொண்டுவந்து மணலில் போட்டிருந்தது. செவ்வந்தியும் ரோஜாவும் ஈரத்தில் ஒட்டிக் கிடந்தன. 2004இல் இதே நாளில் வந்த சுனாமி தமிழ்நாட்டில் கொண்டுபோன உயிர்களில் பெரும்பகுதி, அதாவது 6,000க்கும் மேற்பட்டவர்கள், அன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்தைச் சேர்ந்தவர்கள். மயிலாடுதுறை தனி மாவட்டமானது 2020இல்தான். பெரியவள் பாடப்புத்தகத்தில் படித்திருக்கிறாள். சின்னவனுக்கு அது கதை. அவன் ஒரு பூவை எடுக்கக் குனிந்தபோது பக்கத்தில் நின்றிருந்த ஒரு பாட்டி, "எடுக்காதே ராசா, அது கொடுத்தது" என்றார். அவன் கையை எடுத்துக்கொண்டான். நாங்களும் அதற்கு மேல் அங்கே நிற்கவில்லை.

தரங்கம்பாடியை ஒட்டிய பொறையாற்றில் அறை எடுத்திருக்கிறோம். இரவு இட்லி சாப்பிட்டாயிற்று. நாளைக்குக் கட்டுச்சோறு கட்ட ஓட்டல்காரரிடம் சொல்லியிருக்கிறேன். புளியோதரையில் எண்ணெய் கூடுதலாக இருக்கட்டும் என்று அத்தை தனியாகப் போய் இன்னொரு முறை சொல்லிவிட்டு வந்தார்.

சனிக்கிழமை

ஐந்தரை மணிக்கே கோயில் ஒலிபெருக்கி எழுப்பிவிட்டது. வெளியே வந்தால் பனி. தெருவில் வாசலுக்கு வாசல் கோலம், நடுவில் சாணிப் பிள்ளையார், அதன் தலையில் பூசணிப்பூ. இரண்டு வீடு தள்ளிக் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. பொறையாற்றிலும் தரங்கம்பாடியிலும் இது சேர்ந்தேதான் இருக்கிறது. யாரும் இதை ஒரு செய்தியாகச் சொல்ல மாட்டார்கள்.

தரங்கம்பாடியின் நகர வாயில் 1792இல் கட்டியது. வெள்ளையடித்த அந்த வாயிலுக்குள் நுழைந்தால் ராஜவீதி நேராகக் கடலுக்குப் போகிறது. வழியில் 1718இல் எழுந்த புதிய எருசலேம் ஆலயம். அதைக் கட்டிய ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு 1706 ஜூலையில் இங்கே வந்து இறங்கியபோது அவருக்கு இருபத்து நான்கு வயது நிறையவில்லை. திண்ணைப் பள்ளியில் சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றார் என்பார்கள். கோயில் கட்டி அடுத்த ஆண்டே இறந்து அதற்குள்ளேயே அடக்கமானார். வீதி முடியுமிடத்தில் டேன்ஸ்போர்க் கோட்டை. தஞ்சை ரகுநாத நாயக்கர் 1620இல் டேனிஷ்காரர்களுக்கு இடம் கொடுத்தபோது தங்கத் தகட்டில் எழுதி அனுப்பிய கடிதம் இன்றும் கோபன்ஹேகனில் இருக்கிறது. 1845இல் வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்து இந்த ஊரை 12.5 லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டார்கள். பிறகு நாகப்பட்டினத்துக்கு ரயில் வந்தது. வியாபாரம் அந்தப் பக்கம் போய்விட்டது.

இவர் கோட்டையை எல்லாக் கோணத்திலும் படம் எடுக்க வேண்டும் என்றார். எனக்குப் பொறுமையில்லை. கோட்டை அழகுதான், ஆனால் எல்லாவற்றையும் துடைத்து வைத்த இடம் அது. விளக்கப் பலகை இருக்கும் இடத்தில் நானாகக் கண்டுபிடிக்க எதுவும் மிஞ்சுவதில்லை. மாசிலாமணிநாதர் கோயில் முன்னால் மட்டும் கொஞ்சம் நின்றேன். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1306இல் எழுந்த கோயில். முன்பக்கத்தைக் கடல் தின்றுவிட்டது. இப்போது கருங்கற்களைக் கொட்டித் தடுத்து வைத்திருக்கிறார்கள். அந்தக் கற்களின் மேல் ஒருவர் தூண்டில் போட்டுக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார். எட்டு மணிக்கெல்லாம் வடக்கே திரும்பி நடக்க ஆரம்பித்துவிட்டோம்.

மார்கழிக் கடல் கோடைக் கடல் அல்ல. வாடைக்காற்று எதிரே முகத்தில் அடிக்கிறது. நீர் கலங்கிப் பழுப்பாக இருக்கிறது. கரை சரிவாக இருப்பதால் ஒரு கால் மேலேயும் ஒரு கால் கீழேயும் வைத்து நடக்க வேண்டும். காய்ந்த மணலில் கால் புதைகிறது, ஈர மணலுக்கு இறங்கினால் அலை துரத்துகிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு முழ அகலத்துக்கு இறுகிய பட்டை ஒன்று இருக்கிறது. அதைக் கண்டுபிடித்தவர் அத்தை. செருப்பைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, புடவையைத் தூக்கிச் செருகி, எங்களுக்கு முன்னால் போய்க்கொண்டே இருந்தார். விலை கொடுத்து வாங்கிய நடைக்காலணிக்குள் மணல் புகுந்து இவர் நான்கு முறை நின்றார்.

ஊரைத் தாண்டியதும் அடும்பங்கொடி படர்ந்த மேடு வருகிறது. அடுத்து இராவணன் மீசைப் புல். அதன் முள்பந்துகள் காம்பு ஒடிந்து காற்றில் உருண்டு போகும். சின்னவனுடைய முணுமுணுப்பு அங்கே நின்றது. அடுத்த அரைமணி நேரம் அவன் எங்களோடு நடக்கவில்லை, பந்துகளுக்குப் பின்னால் ஓடினான். ஒன்றைப் பிடித்துக் கையில் குத்திக்கொண்டு திரும்பி வந்தான்.

முதலில் வந்த ஊரின் கரையில் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு கயிற்றின் நுனியைக் கரையில் விட்டுவிட்டு, படகு கடலுக்குள் போய் வலையை வளைத்துப் போட்டுக்கொண்டே வந்து, மறு நுனியைக் கொஞ்சம் தள்ளிக் கரை சேர்த்திருக்கிறது. இரண்டு கயிற்றுக்கும் இரண்டு கூட்டம். இடுப்பில் பட்டையைக் கட்டிப் பின்னோக்கி நடந்து இழுக்கிறார்கள். கடைசி ஆள் மேட்டுக்குப் போனதும் கயிற்றை விட்டுவிட்டு ஓடி வந்து நீரோரம் முதல் ஆளாகப் பிடித்துக்கொள்கிறார். இழுக்க இழுக்க இரு கூட்டமும் ஒன்றை ஒன்று நெருங்குகின்றன. எங்களைப் பார்த்துவிட்டு ஒருவர், "சும்மா நிற்கிறவர்களுக்குப் பங்கு கிடையாது" என்றார். அது அழைப்பா, விலகச் சொல்கிறாரா என்று எனக்குப் புரியவில்லை. பெரியவளுக்குப் புரிந்துவிட்டது. போய்க் கயிற்றைப் பிடித்துக்கொண்டாள். இவரும் போனார்.

வலையின் மடி கரைக்கு வர முக்கால் மணி நேரம் ஆனது. கொட்டியதில் கவலை மீன் கொஞ்சம், காரப்பொடி, நண்டு, ஒரு சின்னத் திருக்கை, மீனுக்கு நிகராகப் பிளாஸ்டிக். வலைக்காரர் முகத்தில் ஏமாற்றம் எதுவும் தெரியவில்லை. நேற்று யாரும் கடலுக்குப் போகவில்லை, இன்று நிறைய வந்திருக்க வேண்டாமா என்று இவர் கேட்டதற்கு, "மீனுக்கு அது தெரியாதே சார்" என்று பதில் வந்தது. கரைவலை பிழைப்பு குறைந்துகொண்டே வருவதைப் பற்றியும், மீன் கூட்டத்தையே வளைத்து அடியைச் சுருக்கி அள்ளும் சுருக்குமடி வலையைப் பற்றியும் பேச்சு வந்தது. தமிழ்நாட்டில் 2000 முதல் தடை உள்ள வலை அது. 2023இல் உச்ச நீதிமன்றம் 12 கடல் மைலுக்கு அப்பால், திங்களும் வியாழனும் மட்டும் என்று நிபந்தனைகளோடு அனுமதித்தது. இந்த மாவட்டத்திலேயே அதை வேண்டும் என்கிற ஊர்களும் கூடாது என்கிற ஊர்களும் உண்டு. "நீங்கள் எந்தப் பக்கம்?" என்று இவர் கேட்டார். வலைக்காரர் கயிற்றைச் சுருட்டியபடியே, "நீங்கள் வடக்கே போகிறீர்களா, தெற்கே போகிறீர்களா?" என்று திருப்பிக் கேட்டார். வடக்கே என்றதும் சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றிவிட்டார். இழுத்த கூலியாகப் பெரியவளுக்கு இரண்டு நண்டு கொடுத்தார்கள். அதை எங்கே வைத்துக்கொண்டு நடப்பது? அத்தை வாங்கி அங்கே நின்ற ஒரு சிறுமியிடம் கொடுத்துவிட்டார். பெரியவள் கோபித்துக்கொண்டு கொஞ்ச தூரம் பேசவில்லை.

கரையில் நடக்கும்போது ஒன்று கண்ணில் படுகிறது. அலையோரத்தில் வீடுகள் இல்லை. படகுகள், வலைக் கொட்டகைகள், ஏலக் கூடம், ஒரு கோயில், அவ்வளவுதான். வீடுகளெல்லாம் உள்ளே, சாலை ஓரமாக வரிசை வரிசையாக ஒரே அச்சில் நிற்கின்றன. சுனாமிக்குப் பிறகு உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் இருந்தவர்களுக்கு, விரும்பினால் வேறிடத்தில் புது வீடு தருகிறோம் என்று அரசு சொன்னது. தொண்டு நிறுவனங்கள் கட்டிக் கொடுத்தன. பாதுகாப்பு என்ற வகையில் சரியான ஏற்பாடு. ஆனால் கடலைப் பார்த்துத்தான் ஒரு மீனவரின் காலை தொடங்குகிறது. நிறம் என்ன, காற்று எந்தப் பக்கம், அலை எங்கே உடைகிறது என்று பார்த்துவிட்டுத்தான் போவதா வேண்டாமா என்று முடிவெடுப்பார்கள். முன்பு வாசலில் நின்றே பார்த்ததை இப்போது எழுந்து நடந்து வந்து பார்க்க வேண்டியிருக்கிறது. அதனால்தான் கொட்டகைகளில் பாய், தண்ணீர்க் குடம், ஒரு ரேடியோ, சில இடங்களில் அடுப்பும்கூட. பகல் வீடு கரையில், இரவு வீடு உள்ளே. நாங்கள் கடற்கரை என்று நினைத்து நடந்துகொண்டிருந்தது பல பேருடைய திண்ணையில்.

இது புரிந்த பிறகு நடக்கும் விதம் மாறியது. விரித்த வலையைத் தாண்டாமல் சுற்றிப் போனோம். கொட்டகைக்கு முன்னால் போகும்போது ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனோம். இவர் கேட்காமல் படம் எடுப்பதை நிறுத்தினார். நடக்க நினைப்பவர்களுக்கு இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்: ஊரை ஒட்டிய சில இடங்களில் கடலைப் பார்த்துக்கொண்டு நடக்க முடியாது, தரையைப் பார்த்துத்தான் நடக்க வேண்டும். குப்பையும் உண்டு, மற்றதும் உண்டு. படங்களில் அது வருவதில்லை.

பெருமாள்பேட்டையைத் தாண்டிய ஒரு வெறிச்சோடிய இடத்தில் ஒரு பங்குனி ஆமை செத்துக் கிடந்தது. முதுகு ஓடு ஒரு முழத்துக்கும் மேல். காகங்கள் கண்ணைக் கொத்தியிருந்தன. ஜனவரிக்கு மேல் இவை முட்டையிட இந்தக் கரைகளுக்கு இரவில் ஏறி வரும். ஒரு குழிக்கு ஏறக்குறைய நூறு முட்டை இட்டு மூடிவிட்டுப் போய்விடும். குஞ்சு வெளிவர ஒன்றரை முதல் இரண்டு மாதம். வனத்துறையினர் முட்டைகளைத் தோண்டி எடுத்துப் பொரிப்பகத்தில் வைத்துக் காக்கிறார்கள். வானகிரியில் ஒன்று இருக்கிறது. ஆமை நீருக்கடியில் இருந்தாலும் மூச்சுக்கு மேலே வந்தாக வேண்டிய உயிர். இழுவலையில் மாட்டிக்கொண்டால் வர முடியாது, நீரிலேயே மூச்சு முட்டிச் செத்துவிடும். "ஆமைக்கு நீந்தத் தெரியுமே, எப்படி மூழ்கும்?" என்று சின்னவன் திரும்பத் திரும்பக் கேட்டான். பெரியவள் பொறுமையாக விளக்கினாள். கோபம் தீர்ந்திருந்தது.

அதற்கப்பால் வழி முடிந்தது. வயல்களின் மிகைநீரைக் கொண்டுவரும் வடிகால் ஒன்று, மணல் திட்டை அறுத்துக்கொண்டு கடலில் விழுந்துகொண்டிருந்தது. கோடையில் திட்டு மூடிக்கொள்ளும், நடந்தே போய்விடலாம். மழை முடிந்த இந்த நேரத்தில் இடுப்பளவு நீர், இழுப்பும் அதிகம். இவர் காலை விட்டுப் பார்க்கலாம் என்றார். வலை பின்னிக்கொண்டிருந்த ஒருவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "பாலம் உள்ளே இருக்கிறது" என்றார்.

அந்தச் சுற்றுவழிதான் இன்றைய நடையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. சவுக்குத் தோப்புக்குள் நுழைந்ததும் கடலின் இரைச்சல் குறைந்து மேலே ஊசி இலைகளின் இரைச்சல் கேட்டது. தோப்பு முடிந்ததும் ஒரு கைவிட்ட இறால் குட்டை, உப்புப் பூத்த வரப்பு, கொஞ்சம் கருவேலம். அதைத் தாண்டினால் சம்பா வயல், கதிர் வெளிவந்த பருவம். அலையிலிருந்து பத்து நிமிட நடைக்குள் காவிரி நீரில் விளைந்த நெல்! காலையிலிருந்து யாரிடமும் அதிகம் பேசாமல் நடந்த அத்தை இங்கே நின்றுவிட்டார். கும்பகோணத்துப் பக்கம் வயலும் களமுமாக வளர்ந்தவர். வரப்பில் இறங்கி ஒரு கதிரை வளைத்துப் பார்த்தார். "ஓரத்தில் பதர் அதிகம். உப்பு ஏறியிருக்கிறது. நடுவில் தேறிவிடும்" என்றார். அங்கே தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தவர் கேட்டுவிட்டு அருகில் வந்தார். அவருக்கும் அத்தைக்கும் அரைமணி நேரம் பேச்சு: என்ன ரகம், நட்டதா விதைத்ததா, கொள்முதல் நிலையம் எப்போது திறப்பார்கள், குட்டைக்காரன் உப்புநீரை எந்த வாய்க்காலில் விடுகிறான். கரையில் அவ்வளவு நேரம் ஒரு கேள்விகூடக் கேட்காதவர் அத்தை. கடலைப் பற்றி எனக்கு என்ன தெரியும், தெரியாததைப் பற்றி எதற்குப் பேச வேண்டும் என்பது அவர் கட்சி. நான் அப்படி இருந்தால் இந்தக் கட்டுரையே இருக்காது.

பாலத்தைக் கடந்து தோப்பு நிழலில் கட்டுச்சோற்றைப் பிரித்தோம். எண்ணெய் கூடுதலாகத்தான் இருந்தது. தொட்டுக்கொள்ள எதுவும் இல்லையே என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அத்தை பையிலிருந்து வடுமாங்காய் டப்பாவை எடுத்தார். சின்னவன் மூன்று கவளம் சாப்பிட்டுவிட்டுச் சருகில் படுத்துத் தூங்கிவிட்டான்.

மதியத்துக்கு மேல் தாழம்பேட்டை. கரையில் பெண்கள் நெத்திலி காயப்போட்டிருந்தார்கள். மார்கழி வெயிலுக்குச் சூடு போதாது, மூன்று நாள் ஆகிறது, பனி பட்டால் நிறம் மாறிவிடுகிறது என்று ஒருவர் குறைப்பட்டார். நாய்க்கும் காகத்துக்கும் காவலாக ஒரு பாட்டி நீண்ட கழியோடு உட்கார்ந்திருந்தார். "அம்மா, வாங்கிக்கொண்டு போங்கள், மணல் ஒட்டாதது" என்று அத்தையிடம் சொன்னார்கள். வீட்டில் பணம் யார் கையில் இருக்கிறது என்று ஒரு பார்வையிலேயே கண்டுகொள்கிறார்கள்! அத்தை ஒரு நெத்திலியை எடுத்து ஒடித்துப் பார்த்தார், முகர்ந்தார், பாதி விலை கேட்டார். அவர்கள் சிரித்தார்கள். இவரும் சிரித்தார். முக்கால் விலைக்கு ஒரு கிலோ வாங்கிக்கொண்டு அதே பையில் வடுமாங்காய்க்குப் பக்கத்தில் வைத்தார்.

சின்னங்குடியில் கரையேறியபோது நான்கரை மணி. காற்று ஏறியிருந்தது, படகுகளை இழுத்து மேட்டில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தபோதுதான் வலி எங்கே இருக்கிறது என்று தெரிந்தது. சரிந்த கரையில் வடக்கே பார்த்து நடந்ததால் கடல் பக்கத்துக் கால், அதாவது வலது கால், நாள் முழுவதும் பள்ளத்திலேயே இருந்திருக்கிறது. எல்லோருக்கும் ஒரே பக்கத்து இடுப்பில் வலி. தெற்கே திரும்பி நடந்தால் சரியாகிவிடும் என்று பெரியவள் சொன்ன யோசனையை யாரும் ஏற்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை

பாதியோடு நிறுத்தாமல் வானகிரிக்கும் பூம்புகாருக்கும் இன்று போய்வரலாம் என்று எனக்குத் தோன்றியிருந்தது. அதை அத்தை காலையில் ரத்து செய்தார். கோடை விடுமுறையில் வரலாம் என்றேன். மார்கழியில்தான் வருவேன், வெயிலில் வர மாட்டேன் என்றார். எதற்கு என்று கேட்டுக்கொண்டே வந்தவர் அடுத்ததற்குத் தேதி சொல்கிறாரே என்று நினைத்தேன், சொல்லவில்லை.

திருக்கடையூரில் இறங்கி அபிராமியைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்றோம். வாசலிலேயே அறுபதாம் கல்யாணக் கூட்டம் மூன்று. மாலையும் கழுத்துமாக ஒரு தாத்தா, வெட்கப்படும் ஒரு பாட்டி, அவர்களைப் படத்துக்கு நிற்க வைக்கத் திணறும் பேரப்பிள்ளைகள். எங்களுக்கு வேறொரு சிக்கல் இருந்தது. கருவாட்டுப் பையோடு கோயிலுக்குள் எப்படிப் போவது? முறை வைத்துப் போனோம். முதலில் அத்தையும் பிள்ளைகளும், பிறகு நான். இவர் பையைக் காத்துக்கொண்டு வெளியிலேயே நின்றார். அபிராமியை இவர் மட்டும் பார்க்கவில்லை.

மயிலாடுதுறை பஸ்ஸில் ஏறியதும் முன் இருக்கைக்காரர் ஜன்னலைத் திறந்தார். அவருக்கு முன்னால் இருந்தவரும் திறந்தார். நடத்துநர் டிக்கெட் கொடுக்க வந்து பையைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார். இறக்கிவிடப் போகிறார் என்றே நினைத்தேன்.

"நெத்திலியா? கிலோ என்ன விலை?"

அத்தை சொன்னார்.

"ஏமாற்றிவிட்டார்கள் அம்மா" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த இருக்கைக்குப் போய்விட்டார். செம்பனார்கோயில் வரும் வரை அத்தை வாயைத் திறக்கவில்லை.